கடலோரப் புழுக்கத்தில் ரோஸ்மேரி சாகாமல் வளர்ப்பது எப்படி

சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகை என்று கடலை ஒட்டிய ஊர்களில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, அடிக்கடி சாகக் கொடுக்கிற செடி ரோஸ்மேரி. கொஞ்ச நாளாகத் தலைமுடிக்கு நல்லது என்ற பேச்சு வேறு பரவிவிட்டதால் நர்சரிகளில் கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்கி வந்த ஒரு மாதம் ஜோராக நிற்கும், அப்புறம் ஒரு நாள் கை பட்டால் இலை பொலபொலவென்று உதிரும். வெயில் கொன்றுவிட்டது என்று நினைத்து அடுத்த செடியை நிழலில் வைப்பார்கள், அது இன்னும் சீக்கிரம் போகும்.

வெயில் இந்தச் செடிக்கு எதிரி இல்லை. உப்புக் காற்றும் இல்லை, ஏனென்றால் இது மத்தியதரைக் கடல் ஓரத்துப் பாறைச் சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை முழுக்க வறண்டு கிடக்கும். ஈரம் இருக்கும்போது சூடு இருக்காது, சூடு இருக்கும்போது ஈரம் இருக்காது. நம் கடற்கரையில் இரண்டும் சேர்ந்தே வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, வேரை அழுகவைக்கும் பூஞ்சை வகைகளுக்கு இதைவிடச் சௌகரியமான சூழல் கிடையாது.

காற்றில் ஈரம் கூடும்போது இலை வழியாக நீர் வெளியேறுவது குறையும், அதனால் செடி வேர் வழியாகக் குடிப்பதும் குறையும். நீங்கள் ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே தேங்கிக் கிடக்கும், மண் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், வேர் மூச்சுத் திணறும், அந்த நேரம் பார்த்து பைட்டோப்தோரா மாதிரியான நுண்ணுயிர்கள் அந்தத் தண்ணீரிலேயே நீந்திப் போய் வேரைத் தொற்றும். ஆக, காற்றில் இருக்கிற ஈரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, தொட்டிக்குள் இருக்கிற ஈரத்தைக் குறைக்க முடியும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில் மண். மாடித்தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான கலவை ஒன்று உண்டு: செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கத்தரிக்கும் வெண்டைக்கும் அது அருமையான கலவை, ரோஸ்மேரிக்கு அது சவக்குழி. கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காயாது. நமக்கு வேண்டியது தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் அடியில் ஒழுகிவிடுகிற, சரளை மாதிரியான கலவை. பாதிக்குப் பாதி கெட்டியான துகள் இருக்க வேண்டும்: உடைத்த செங்கல், பெருமணல், பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்பொரி, கரித்துண்டு, எது கிடைக்கிறதோ அது. மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை இருந்தால் போதும். மீதியில் செம்மண் பெரும்பங்கு, மண்புழு உரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எம்-சாண்ட் போடுகிறீர்கள் என்றால் அப்படியே கொட்டாதீர்கள், அதில் இருக்கிற பொடித் தூசி காய்ந்ததும் சிமெண்டு மாதிரி இறுகும். சல்லடையில் சலித்து மேலே நிற்பதை மட்டும் எடுத்து, ஒரு தடவை தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள். செங்கல்லுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், வீடு கட்டுகிற இடத்தில் கேட்டால் உடைந்த கல் இரண்டு தருவார்கள், சுத்தியலால் உடைத்து இதேபோல் சலித்துக்கொள்ளலாம்.

தொட்டியின் அடியில் ஒரு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். வடியாது. பொடி மண்ணில் இருக்கிற தண்ணீர், அந்த மண் முழுக்க ஊறி நிரம்பும்வரை கீழே இருக்கிற ஜல்லிக்குள் இறங்காது. ஆகவே எப்போதும் ஈரமாக நிற்கிற அடி மண் பகுதி ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் பலன். ஜல்லியை மண்ணோடு கலந்துவிடுங்கள். அடியில் ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும், வர்ணம் பூசாததாக. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும், அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் குரோ பேக்கும் வேண்டாம் என்றில்லை, குரோ பேக்கில் பக்கவாட்டில் இன்னும் நாலைந்து ஓட்டை போட்டால் சமாளிக்கலாம், ஆனால் முதல் செடி என்றால் மண்தொட்டியோடு ஆரம்பியுங்கள். அகலத்தைவிட ஆழம் முக்கியம். செடியைவிட ரொம்பப் பெரிய தொட்டி கூடாது, சின்ன நாற்றுக்கு 6 அங்குலம், வளர்ந்த பிறகு 8 அல்லது 10. பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் சும்மா ஊறிக்கொண்டே இருக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள், ஓட்டைக்கு அடியில் காற்று ஓட வேண்டும், கோடையில் தளத்துச் சூடும் நேரடியாக வேருக்கு ஏறாது.

எப்போது வாங்குவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. மழைக்காலம் முடிந்து, மார்கழிக் கடைசி அல்லது தை மாதம்தான் சரியான நேரம். அப்போது நட்டால் அடுத்த ஐப்பசிக்கு முன்னால் எட்டு ஒன்பது மாதம் கையில் இருக்கிறது, கோடையில் வேர் நன்றாக ஓடிவிடும். ஆவணி புரட்டாசியில் வாங்கினால் புது வேர் பிடிக்கும் முன்பே அடைமழை வந்துவிடும். நம் நர்சரிகளுக்கு வருகிற ரோஸ்மேரி நாற்றுகள் பெரும்பாலும் ஊட்டி, ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்தவை. நீலகிரியில் ரோஸ்மேரி வணிகப் பயிராகவே இருக்கிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஊட்டிக்கென்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. கடற்கரை நர்சரியில் ரகப் பெயர் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, அதனால் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் வடிவத்தைப் பாருங்கள். நேராக நிமிர்ந்து வளர்கிற வகையை எடுங்கள். படர்ந்து தொங்குகிற வகை பார்க்க அழகுதான், ஆனால் அது மண்ணின்மேல் போர்வை மாதிரிப் படுத்துக்கொள்ளும், அடியில் காற்றே போகாது, புழுக்கமான ஊருக்கு ஒத்துவராது.

வாங்கியதும் நர்சரிப் பையைக் கிழித்து வேர்க்கட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அது சுத்தமான கோகோபீட் உருண்டையாக இருக்கும். அதை அப்படியே உங்கள் சரளைக் கலவைக்குள் வைத்தால், சுற்றி இருக்கிற மண் காய்ந்த பிறகும் நடுவில் அந்த உருண்டை மட்டும் ஈரமாகவே இருந்து வேரை அழுகவைக்கும். வெளிப்பக்கத்துக் கோகோபீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது விரலால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். மொத்தத்தையும் அலசி எடுக்க வேண்டாம், மெல்லிய வேரெல்லாம் அறுந்துபோகும். நடும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கிடைத்தால் ஒரு ஸ்பூன் மண்ணில் கலந்துகொள்ளுங்கள், உரக்கடைகளில் கிடைக்கும். அது மருந்து இல்லை, வருமுன் காப்பது மட்டுமே, அழுகிய வேரை அது மீட்காது. தண்டு முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதைவிட அரை அங்குலம் மேலேயே நிற்கட்டும், தண்டடியில் மண் குவியக் கூடாது. மேல்மண்ணுக்குத் தேங்காய் நாரோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடாதீர்கள், மற்ற செடிக்கெல்லாம் நல்லது, இதற்கு ஆகாது. வேண்டுமானால் கூழாங்கல் பரப்பலாம்.

இடம் என்று பார்த்தால், குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் படவேண்டும். நிழலில் வளர்ந்து வந்த நாற்றை முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து, அப்புறம் நாள்பட நாள்பட முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். வெயிலுக்குச் சமமாக முக்கியம் காற்று. சென்னையில் கோடை நாட்களில் மதியவாக்கில் கிழக்கிலிருந்து கடல் காற்று உள்ளே வரும், மாடியில் அந்தக் காற்றுக்கு மறைப்பில்லாத இடமாகப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் ஒதுக்கி வைத்தால் காற்று படாது, சுவரின் அனலும் சேரும். மற்ற தொட்டிகளோடு நெருக்கி வைக்காமல் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். பால்கனி மட்டும்தான் இருக்கிறது, அதுவும் மேற்குப் பார்த்தது என்றால் பரவாயில்லை, மாலை வெயிலையும் தாங்கும். வடக்குப் பார்த்த பால்கனி என்றால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள், பதிலுக்குக் கற்பூரவல்லி வையுங்கள், வாசனையும் இருக்கும் சாகவும் சாகாது.

சித்திரை வைகாசிக் கத்திரி வெயிலில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. இலை தாங்கும், ஆனால் சின்ன மண்தொட்டி சூடேறி உள்ளே வேர் வேகும். தொட்டியை ஒரு சைஸ் பெரிய காலித் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் இடையில் இருக்கிற காற்று சூட்டைத் தடுக்கும். அல்லது மதியம் 12லிருந்து 3 வரை நிழல் விழுகிற இடமாக நகர்த்தினால் போதும். பச்சை நிழல்வலைக்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் முக்கால்வாசிச் செடிகள் சாகின்றன. தினமும் ஒரு டம்ளர், வாரம் இரண்டு தடவை என்பது மாதிரியான கணக்கெல்லாம் இதற்கு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் நாலு அங்குல ஆழத்துக்குச் செருகி ஒரு நிமிடம் விட்டு எடுங்கள், குச்சி ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் ஊற்றாதீர்கள். அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், ஊற்றியவுடன் எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்று நாலைந்து தடவையில் கைக்கே பழகிவிடும், அப்புறம் குச்சிகூடத் தேவைப்படாது. ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை நிறைய ஊற்றுங்கள், பிறகு காயும்வரை தொடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மோசமான பழக்கம், மேல்மண் எப்போதும் நசநசவென்று இருக்கும், அடி வேருக்கு எதுவும் போகாது. கத்திரியில் இது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வரலாம், அடைமழையில் பத்து நாள்வரை ஒரு சொட்டும் தேவைப்படாமல் போகலாம். காலையில் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்கவே வேண்டாம், செடிக்கு ஈரப்பதம் கொடுக்க ஸ்பிரே அடியுங்கள் என்ற அறிவுரை குளிர்நாட்டுக் காய்ந்த அறைகளில் வைக்கிற ஃபெர்ன்களுக்கானது, நம் ஊர் காற்றே போதுமான அளவுக்கு ஸ்பிரே அடிக்கிறது.

ரோஸ்மேரியிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. துளசியோ புதினாவோ தண்ணீர் இல்லை என்றால் தலையைத் தொங்கப்போட்டுச் சொல்லிவிடும், இது சொல்லாது. இலை ஊசி மாதிரி விறைப்பாக இருப்பதால் செத்து ஒரு வாரம் ஆனபிறகும் பச்சையாக நிற்கும். கூடுதல் தண்ணீருக்கும் குறைந்த தண்ணீருக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான், நுனி பழுப்பாகும், இலை உதிரும். அதனால் நுனி பழுத்ததைப் பார்த்ததும் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், முதலில் குச்சியைச் செருகிப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கிறது, நுனியும் பழுத்திருக்கிறது என்றால் வேர் அழுகல்தான். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், நல்ல வேர் வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் உறை மாதிரிக் கழன்று வரும். பாதிக்கு மேல் கறுத்துவிட்டது என்றால் செடியைக் காப்பாற்றப் போராடாதீர்கள், இன்னும் பச்சையாக இருக்கிற நுனிகளை வெட்டிப் பதியன் போடுங்கள்.

மழைக்காலத்தில் செடி நேரடி மழைக்குக் கீழே இருக்கக் கூடாது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் இரண்டு நாளில் தொட்டி குளமாகும். சன்ஷேடுக்கு அடியில், மழை படாத, ஆனால் பக்கவாட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற இடத்துக்குப் புரட்டாசிக் கடைசியிலேயே மாற்றிவிடுங்கள். பாலிதீன் கவர் போட்டு மூடுவது ஆபத்து, உள்ளே வியர்த்து ஒரே வாரத்தில் பூஞ்சை பூக்கும். மேலே மட்டும் கூரை மாதிரி ஷீட் கட்டினால் சரி. வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் வந்தால் ஜன்னலோரம் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

மழைக்கு முன்னால் செய்யவேண்டிய இன்னொரு வேலை கவாத்து. ஆவணி வாக்கில் செடியின் நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கிற மெல்லிய குச்சிகளையும் மண்ணைத் தொடுகிற கீழ்க்கிளைகளையும் எடுத்துவிடுங்கள். செடி வழியாக எதிர்ப்பக்கம் தெரிய வேண்டும், அவ்வளவு இடைவெளி இருந்தால்தான் காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். இலையே இல்லாத பழைய கட்டைக் கிளைவரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது, எப்போதும் கொஞ்சம் பச்சையை விட்டு அதற்கு மேல்தான் கத்தரி வைக்க வேண்டும்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தையில் ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஆடியில் ஒரு கைப்பிடி, முடிந்தது. வாரா வாரம் பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று ஊட்டினால் தளதளவென்று வளரும், ஆனால் அந்தக் கொழுத்த தளிருக்கு வாசனையும் குறைவு, பூஞ்சைக்கும் அது விருந்து.

இலைமேல் மாவு தூவியது மாதிரி வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டும் என்றுகூட இல்லை, நிழலும் அசையாத ஈரக்காற்றும் இருந்தால் வந்துவிடும். பாதித்த கிளையை வெட்டி எறிந்து, செடியை வெயிலுக்கும் காற்றுக்கும் மாற்றினால் பாதி குணம். புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து காலை வேளையில் அடிக்கலாம். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும், ஆனால் சுள்ளென்று வெயில் அடிக்கிற நாளில் அடித்தால் இலை கருகும், அடித்த பிறகு சில வாரம் சமையலுக்குப் பறிக்கவும் கூடாது. மாவுப்பூச்சி வந்தால் கணுக்களில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் மாலையில். கோடையில் இலை வெளிறிப் புள்ளி புள்ளியானால் சிலந்திப் பேன், அதற்கு மட்டும் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவலாம், நண்பகலுக்குள் காய்ந்துவிடும்.

பதியன் போடுவதில் மட்டும் நம் புழுக்கம் நமக்கு உதவி. மார்கழி தையில், பூக்காத கிளையின் நுனியை நாலு அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, வெறும் பெருமணலும் பெர்லைட்டும் கலந்ததில் குத்திவைத்து வெளிச்சமான நிழலில் வைத்தால் மூன்று நாலு வாரத்தில் வேர் விடும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்கிற மாதிரி மேலே பிளாஸ்டிக் பை கவிழ்க்க வேண்டாம். விதை வாங்கி நேரத்தை வீணாக்காதீர்கள், முளைப்பும் குறைவு, முளைத்தாலும் ஆமை வேகம். பதியனில் வந்த செடி இந்த ஊர்க் காற்றிலேயே பிறந்து வளர்ந்தது என்பதால், ஊட்டியிலிருந்து வந்த தாய்ச்செடியைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதைத்தான் நான் பார்க்கிறேன். எப்போதும் இரண்டு மூன்று செடி வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

லாவெண்டரும் இப்படி வளருமா என்று கேட்பார்கள். நீலப்பூக் கடலாகப் படங்களில் பார்க்கிற அந்த வகை ஜம்மு பக்கம் பதர்வா மலைகளில்தான் சரிப்படும், அதற்குக் குளிர் வேண்டும். இலை ஓரம் பல் பல்லாக இருக்கிற டென்டேட்டா வகை கடற்கரையில் ஒரு சீசன் ஓட்டும், இதே மண், இதே தண்ணீர் முறைதான்.

பறிப்பதும் காயவைப்பதும் கடைசி வேலை. செடி நன்றாக வேர் பிடித்து ஒரு அடியாவது வளரும்வரை நுனிகளைத் தவிர எதையும் பறிக்காதீர்கள். காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் வெட்டுங்கள். கழுவ வேண்டும் என்றால் செடியில் இருக்கும்போதே முதல் நாள் காலையில் தூசியைக் கழுவிவிட்டு, மறுநாள் வெட்டுங்கள். சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி அறைக்குள் ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் காயும். நேர் வெயிலில் காயவைத்தால் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மழை நாளில் இப்படிக் காயாது, இலை மிருதுவாகவே நின்று பூசணம் பிடிக்கும், அப்போது பேசாமல் பச்சையாகவே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். காய்ந்த இலை விரலில் நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், உள்பக்கம் லேசாக வியர்த்திருந்தால் வெளியே கொட்டி இன்னொரு நாள் ஃபேன் காற்றில் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அடையுங்கள்.